பாண் வாங்க மறந்த கவிதை

கேள்வி: எனக்கு 36 வயது. கலியாணம் முடித்து ஒன்பது வருஷம். வெள்ளவத்தையில் கடல் பக்கமாக ஒரு பிளட்டில் மாமியோடு இருக்கிறோம். ஏப்ரல் முழுக்க நாளுக்கொரு கவிதை என்று அலுவலகத் தோழிகள் பன்னிரண்டு பேர் வாட்ஸ்அப்பில் எழுதுகிறோம். நான் எடுத்த பொருள் கலியாண வாழ்க்கை. ஆறு வரிக்கு மேல் போவதில்லை. 13ஆம் திகதி இதைப் போட்டேன்:

பாண் வாங்க மறந்தார்.
மறந்ததையும் மறந்தார்.
நான்தான்
ஒன்றையும் மறக்கிறேன் இல்லை.

அன்றிரவே தோழி ஒருவரின் கணவர் இவருக்கு போன் எடுத்து, "என்ன, பாண் வாங்கியாச்சா?" என்று பகிடி விட்டிருக்கிறார். "வீட்டுக் கதையை ஏன் ஊருக்குச் சொல்லுறீர்?" என்று இவர் ஒருதரம் கேட்டதோடு சரி, பிறகு கதையே இல்லை. அடுத்த நாள் புதுவருஷம். கைவிசேஷம்கூட முகத்தைப் பாராமல்தான் தந்தார். அதற்குப் பிறகு எது எழுதினாலும் கலியாண அட்டை வாசகம் போல வருகிறது. விடவா, தொடரவா?
(பெயர் வேண்டாம், வெள்ளவத்தை)

பதில்: தங்கச்சி, அந்தப் பாண் கவிதை நல்ல கவிதை. சிக்கலே அதுதான். மோசமாக இருந்திருந்தால் ஒருவர் அதை ஞாபகம் வைத்து போன் எடுத்துப் பகிடி விட்டிருக்க மாட்டார். கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய மற்றது, 'இரு மனம் ஒரு பாதை, இல்லறமே நல்லறம்', அதை வாசித்து எந்த வீட்டிலும் யாரும் கோபிக்கப் போவதில்லை. வாசித்ததே ஞாபகம் இருக்காது.

உங்களவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. கவிதையின் கடைசி இரண்டு வரி அவரைக் குற்றம் சொல்லவில்லை, உங்களைத்தான் சொல்கிறது. ஒன்றையும் மறக்காத மனுஷியோடு குடும்பம் நடத்துவது லேசா? ஆனால் போனில் கேள்விப்பட்டவருக்கு முதல் வரிதான் போய்ச் சேர்ந்திருக்கிறது. அதுவும் பதினொரு பேர் வாசித்து முடித்த பிறகு. நானாக இருந்தால் கைவிசேஷமே தந்திருக்க மாட்டேன்.

அகப்பாட்டில் ஒருவரையும் பெயர் சுட்டிச் சொல்லக் கூடாது என்பது தொல்காப்பிய விதி. நீங்களும் பெயர் எழுதவில்லைதான். ஆனால் பன்னிரண்டு பேர் இருக்கிற குழுவில் 'அவர்' என்றாலே அடையாள அட்டையை நீட்டியது மாதிரி.

சரி, எழுத வராததற்கு வருவோம். குறுந்தொகையில் 167ஆம் பாட்டு, கூடலூர் கிழார் பாடியது. உங்கள் கணக்குப் போலவே ஆறே அடி. புதிதாகக் கலியாணம் முடித்த பெண் தயிர் பிசைகிறாள். பிசைந்த விரலைச் சேலையில் துடைக்கிறாள், அதை மாற்றாமலே நிற்கிறாள். தாளித்த புகை கண்ணுக்குள் போகிறது. கஷ்டப்பட்டுச் சமைத்த அந்தப் புளிக்குழம்பை, 'இனிது' என்று சொல்லிக் கணவன் சாப்பிடுகிறான். அவள் முகம் நுண்ணிதாக மகிழ்ந்தது. பாட்டு முடிந்தது. அன்பு, பாசம், இல்லறம் என்று ஒரு சொல் கிடையாது. அந்த 'நுண்ணிதின்' என்ற சொல்லில்தான் முழுக் கலியாணமும் இருக்கிறது என்பேன். சிரித்தாள் என்றுகூட இல்லை, பாருங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இதைச் சொல்வது மனைவியும் இல்லை, கணவனும் இல்லை. அந்த வீட்டுக்குப் போய்ப் பார்த்துவந்த செவிலித்தாய், பெற்ற தாயிடம் சொல்கிறாள். மூன்றாவது ஆளின் கண். அதனால் அங்கே வழக்கும் இல்லை, சாட்சியும் இல்லை. உங்கள் வீட்டிலும் மூன்றாவது கண் ஒன்று இருக்கிறதே, மாமி! குசினி வாசலில் நின்று அவர் உங்கள் இருவரையும் பார்க்கிற மாதிரி நாலு வரி எழுதிப் பாருங்கள். (மாமிக்குக் காட்ட வேண்டாம்.) உரையோடு குறுந்தொகை வேண்டுமென்றால் தமிழ்ச் சங்க நூலகம் உங்கள் பக்கம்தானே, கேட்டுப் பாருங்கள்.

பொருளுக்கும் பஞ்சமில்லை. கடற்கரை ரயில் போகும்போது வீட்டில் பேச்சு பாதியில் நிற்கும். ரயில் போன பிறகு யார் முதலில் தொடங்குகிறார், விட்ட இடத்திலிருந்தா, வேறு கதையா? கதிரையில் கிடக்கும் ஈரத் துவாயை எடுத்துக் காயப்போடுவது யார்? ஒருநாள் அவர் சொல்கிற மாதிரியும் எழுதுங்கள். உங்களைப் பற்றி அவரிடம் எவ்வளவு கிடக்கிறது என்று அப்போது தெரியும்.

அப்புறம், சூட்டோடு சூடாகப் போடாதீர்கள். இந்த முப்பது நாள் வழக்கம் 2003இல் மொரீன் தோர்சன் என்ற அமெரிக்கக் கவிஞர் தன் பாட்டுக்குத் தொடங்கியது. நாளுக்கொன்று எழுத வேண்டும் என்பதுதான் பேச்சு, சண்டை ஆறுமுன் அன்றிரவே வாட்ஸ்அப்பில் போடு என்று யாரும் கேட்கவில்லை. கொப்பியில் எழுதி வையுங்கள். வீட்டுக் கவிதை என்றால் குழுவுக்கு முன் அவருக்குக் காட்டுங்கள். வேண்டாம் என்றால் அன்றைக்குக் குழுவில் மழையைப் பற்றி ஏதாவது போடுங்கள், ஒன்றும் குறைந்துபோகாது. இது அச்சில் வரும்போது ஏப்ரல் முடிந்தும் இருக்கலாம். மிச்சத்தை மே மாதத்தில் எழுதினால் யார் தண்டம் அறவிடப் போகிறார்கள்?

அந்தப் பாண் கவிதையைக் கிழிக்கவும் வேண்டாம். மன்னிப்புக் கவிதை எழுதவும் வேண்டாம், அது இன்னும் மோசமாக வரும். வெறும் வாயால் "உங்களிட்டச் சொல்லாமல் போட்டது பிழைதான்" என்று சொல்லுங்கள், போதும்.

விடுபட்ட நாளுக்கு எதை எழுதுவது என்று நீங்களே கடிதத்தில் எழுதிவிட்டீர்கள், கவனிக்கவில்லை. கோபம் தீரவில்லை, கதை இல்லை, முகம் பார்க்கவில்லை. ஆனாலும் புதுத் தாளாகத் தேடி எடுத்து, வெற்றிலையில் வைத்துக் கையை நீட்டியிருக்கிறார் மனிதர். பாணை மறந்தவர் அதை மறக்கவில்லை. அந்தக் காசு இன்னும் உங்கள் கைப்பையில்தானே இருக்கும்?