காதில் வரும் கடும் தொற்றுக்குச் சில நேரம் மாத்திரை ஏன் கேட்பதில்லை?

சர்க்கரை நோய் உள்ள வயதானவர்களுக்கு வெளிக்காதில் தொடங்கும் தொற்று சில சமயம் மண்டையோட்டு எலும்பு வரை பரவிவிடும், ராத்திரி தூங்கவிடாத வலியும் சீழும் அதன் அடையாளம். பெரும்பாலும் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாதான் காரணம். இதற்கு வழக்கமாகத் தரும் சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை சிலருக்குக் கேட்காமல் போவதைத்தான் மருந்து எதிர்ப்பு என்கிறோம். மருந்துக்குப் பலவீனமான கிருமிகள் செத்துப்போக, தாங்கி நின்ற சில மட்டும் பெருகுகின்றன. படகில் புகும் தண்ணீரை இறைத்துக் கொட்டுவதுபோல, அவற்றில் பல உள்ளே வரும் மருந்தை வெளியே தள்ளிவிடும். அதனால் முடிந்தவரை மருந்து தொடங்கும் முன்பே சீழை கல்ச்சர் பரிசோதனைக்கு (கிருமியை வளர்த்து, எந்த மருந்து அதற்குக் கேட்கும் என்று பார்க்கும் சோதனை) அனுப்புவது ரொம்ப முக்கியம், தயவுசெய்து டாக்டரிடம் கேளுங்கள். சிகிச்சை 6 வாரம், அதற்கு மேலும்கூடப் போகலாம்.

அப்புறம், பலர் நினைப்பதுபோல மருந்துக்குப் பழகுவது நம் உடம்பு அல்ல, கிருமிதான்; ஆன்டிபயாடிக்கையே அதிகம் தொடாதவருக்கும் இந்தக் கிருமி தொற்றலாம்.