பிளாட்டினத்துக்குப் பதில் நைட்ரஜன் கலந்த கரி: கேள்வி பதில்

கேள்வி: ஹைட்ரஜன் காருக்குப் பிளாட்டினம் எதற்கு?

ஹைட்ரஜன் கார் ஓடுவது எரிபொருள் மின்கலத்தில். அதன் ஒரு பக்கம் ஹைட்ரஜன், மறு பக்கம் காற்று; இரு பக்க வினைகளையும் வேகப்படுத்தும் வினையூக்கிதான் பிளாட்டினம். ஹைட்ரஜன் பக்கம் கொஞ்சம் பிளாட்டினமே போதும். ஆக்சிஜன் மூலக்கூறைப் பிரித்து நீராக்கும் வினைதான் மெதுவாக நடக்கும். பெரும்பங்கு பிளாட்டினம் அங்கேதான் போகிறது.

கேள்வி: கரியில் நைட்ரஜன் கலந்தால் என்ன ஆகும்?

கார்பன் இருந்த இடத்தில் உட்காரும் நைட்ரஜன் எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுக்கும். எலக்ட்ரான் கவர்திறன் கார்பனுக்கு 2.55, நைட்ரஜனுக்கு 3.04. அதனால் பக்கத்துக் கார்பன் லேசாக நேர்மின் ஏற்கிறது, ஆக்சிஜன் அங்கே வந்து ஒட்டுகிறது. நைட்ரஜன் கலந்த கார்பன் நானோகுழாய்கள் காரக் கரைசலில் பிளாட்டினத்தையே மிஞ்சும் என்று ஆய்வாளர் லிமிங் டாயின் குழு 2009-இல் காட்டியது. அதற்கப்புறம் இந்தத் துறையில் கட்டுரை மழைதான்.

கேள்வி: போரான், கந்தகம், பாஸ்பரஸ் என்று எதைப் போட்டாலும் வேலை செய்கிறதாமே?

இந்த எரிச்சலில்தான் வேதியியலாளர் மார்ட்டின் பூமெராவின் குழு 2020-இல் பறவை எச்சத்தைக் கிராஃபீனில் (ஓரணு தடிமன் கார்பன் தாள்) கலந்து பார்த்தது. எதுவும் கலக்காத கிராஃபீனை விட அது நன்றாகவே வேலை செய்தது! கிண்டல்தான், ஆனால் சோதனை நிஜம். ‘புதிய கலப்பு, சற்றே கூடிய மின்னோட்டம்’ என்பதை மட்டும் சொல்லும் கட்டுரைகளை நான் இப்போது புரட்டுவதோடு சரி.

கேள்வி: ‘உலோகமே இல்லாத வினையூக்கி’ என்று போடுகிறார்களே, நம்பலாமா?

சந்தேகத்தோடு படியுங்கள். நானோகுழாய் வளர்க்க இரும்பு, கோபால்ட் போன்ற உலோகத் துகள்கள் வேண்டும். கிராஃபீன் செய்வதற்காகக் கிராஃபைட்டை ஆக்சிஜனேற்றப் பொட்டாசியம் பெர்மாங்கனேட் போட்டால் மாங்கனீசு ஒட்டிக்கொள்ளும். அமிலத்தில் கழுவினாலும் மிச்சம் இருக்கும். அந்தத் துளி உலோகமே வினையை நடத்திவிடும்.

கேள்வி: அப்படியென்றால் காரில் எப்போது வரும்?

கார் மின்கலத்தில் இரு பக்கங்களுக்கும் நடுவே இருப்பது அமிலச் சவ்வு. உலோகமற்ற கரி அங்கே சோர்ந்துவிடும். இரும்பும் நைட்ரஜனும் சேர்ந்த கரி பரவாயில்லை, ஆனால் நெடுநாள் உழைக்காது: பக்கவினையில் உண்டாகும் ஹைட்ரஜன் பெராக்சைடு, இரும்போடு சேர்ந்து சவ்வையே அரிக்கும். கனடாவின் பல்லார்டு நிறுவனமும் ஜப்பானின் நிஷின்போ நிறுவனமும் 2017-இல் அறிவித்த, கேத்தோடில் (காற்றுப் பக்க மின்முனையில்) பிளாட்டினம் இல்லாத மின்கல அடுக்கு வெறும் 30 வாட். காருக்கு அது எந்த மூலைக்கு?

கேள்வி: எம்.எஸ்சி. புராஜெக்ட்டுக்கு யூரியாவும் கரியும் சேர்த்துச் சூடாக்கினேன். நாளாக ஆக மின்னோட்டம் கூடுகிறது. சந்தோஷப்படலாமா?

சோதனையில் மின்சுற்றை முடிக்கும் துணை மின்முனை பிளாட்டினம் கம்பியா? அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து உங்கள் கரிமேல் படியும்; மின்னோட்டம் கூடுவது அந்தப் பிளாட்டினத்தின் வேலையாக இருக்கலாம். கிராஃபைட் குச்சிக்கு மாற்றி, புதுக் கரைசலில் திரும்ப ஓட்டுங்கள்.