பத்தாம் வகுப்போடு கணக்கை விட்டேன்; கல்லூரியில் நுண்கணிதம் வருகிறது, என்ன செய்ய?

கேள்வி: பிளஸ் டூவில் கணிதம் இல்லாத தூய அறிவியல் பிரிவு எடுத்தேன். இப்போது பி.எஸ்சி. வேதியியல் முதலாண்டு. துணைப்பாடமான கணிதத்தில் எடுத்தவுடனே நுண்கணிதம், அதாவது வகையிடல், தொகையிடல் என்று போகிறார்கள். ஒன்றும் பிடிபடவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: வீட்டில் படிக்கும்போது நுண்கணிதத்தைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வையுங்கள். உங்களைத் தடுப்பது பெரும்பாலும் அதற்குள் வரும் இயற்கணிதம்தான். ஒரு கணக்கைப் பாருங்கள். எக்ஸ் 3-ஐ நெருங்கும்போது (எக்ஸ்² − 9) ÷ (எக்ஸ் − 3) எதை நெருங்கும்? நேராக 3-ஐப் போட்டால் 0 ÷ 0 என்று முட்டி நிற்கும். மேலே இருப்பதை (எக்ஸ் − 3)(எக்ஸ் + 3) என்று காரணிப்படுத்தி, பொதுக் காரணியை அடித்தால் மிச்சம் எக்ஸ் + 3. விடை 6. எக்ஸ் 3-ஐ நெருங்குகிறதே தவிர 3 ஆவதில்லை. அதனால்தான் அடிக்க முடிகிறது. உங்களுக்குப் புதியது இந்த ஒரு கருத்துதான். மற்றதெல்லாம் பத்தாம் வகுப்புக்குள் படித்தவை.

ஆகவே முதல் இரண்டு மூன்று வாரம் காரணிப்படுத்தல், பின்னம், அடுக்குக்குறி விதிகள் மட்டும். தினம் ஒரு மணி நேரம், கையால் எழுதிப் போட வேண்டும். வீடியோ பார்க்கும்போது எல்லாம் புரிந்த மாதிரிதான் இருக்கும். தாளில் போட்டால்தான் எங்கே சிக்குகிறது என்று தெரியும். ஒரு விதியில் சந்தேகமா, எண்ணைப் போட்டுப் பாருங்கள். √(9 + 16) என்பது 5. √9 + √16 என்பது 7. வர்க்கமூலத்தைக் கூட்டலுக்குள் பிரிக்கும் பழக்கம் அதோடு போய்விடும்.

அடுத்து, தமிழ்நாடு அரசின் பதினோராம் வகுப்புக் கணித நூல், முதல் தொகுதி. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. சார்புகள், அடிப்படை இயற்கணிதம், முக்கோணவியல் மூன்றும் கட்டாயம். எத்தனை விதமாகத் தேர்ந்தெடுக்கலாம், அடுக்கலாம் என்று எண்ணும் சேர்ப்பியலை இப்போதைக்கு விட்டுவிடலாம். சார்புகளைப் படிக்கும்போது வரைபடங்களை நீங்களே வரையுங்கள்.

மடக்கையில் (log) கூடுதல் நேரம் செலவிடுங்கள்; உங்கள் முதன்மைப் பாடத்துக்கே அது வேண்டும். பிஹெச் 3 உள்ள கரைசலில் ஹைட்ரஜன் அயனிச் செறிவு, பிஹெச் 5 உள்ளதைவிட 100 மடங்கு. பிஹெச் என்பது அந்தச் செறிவுக்கு 10-ஐ அடிமானமாகக் கொண்ட மடக்கையை எடுத்து, குறியை மாற்றியது என்பதால், ஒவ்வொரு எண் இறங்கும்போதும் செறிவு 10 மடங்கு ஏறுகிறது. வேகம் ஒரு வினைபடுபொருளின் செறிவுக்கு நேர்விகிதத்தில் இருக்கும் முதல் வகை வினைகளின் சமன்பாட்டிலும் மடக்கை வந்து நிற்கும்.

முக்கோணவியலில், டிகிரியைப் போலக் கோணத்தை அளக்கும் இன்னோர் அலகான ரேடியனைத் தவிர்க்காதீர்கள். சைனை வகையிட்டால் கொசைன் என்பது கோணம் ரேடியனில் இருந்தால்தான் சரி. கால்குலேட்டரில் சைன் 30 போட்டு 0.5 வந்தால் அது டிகிரியில் இருக்கிறது, −0.988 வந்தால் ரேடியனில்.

இதற்கிடையே வகுப்பைத் தவறவிடாதீர்கள். புரியாத வரிக்குப் பக்கத்தில் ஒரு குறி போட்டு, இந்த வரியிலிருந்து அடுத்த வரி எந்த விதிப்படி வந்தது என்று ஆசிரியரிடம் கேளுங்கள். மொத்தமாகப் புரியவில்லை என்று சொன்னால் அவருக்கும் எங்கே தொடங்குவது என்று தெரியாது.