டிஸ்னி, யுனிவர்சல், பழைய கார்ட்டூன், புது ரீமேக்: மதுரைப் பக்கத்துக் கேள்விகளும் என் பதில்களும்

விடுமுறை நெருங்கும்போது வரும் கேள்விகளைச் சேர்த்து வைத்து ஒரே மூச்சில் பதில் எழுதியிருக்கிறேன். குடும்பங்களுக்குப் பயணம் ஏற்பாடு செய்து கொடுப்பது என் வேலை. கார்ட்டூன் படங்கள் மேல் சின்ன வயதிலிருந்தே பெரிய பிரியம், அதனால் படத்தைப் பற்றிக் கேட்டிருந்தவர்களுக்குப் பதில் கொஞ்சம் நீளமாகவே இருக்கும்.

உசிலம்பட்டியிலிருந்து: அக்கா, பையனுக்கு 7 வயது, பாப்பாவுக்கு 4. சிங்கப்பூர் யுனிவர்சல் போகலாமா, ஹாங்காங் டிஸ்னிலேண்ட் போகலாமா? ரெண்டில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது.

ஹாங்காங். காரணம் பாப்பாதான். இந்த இடங்களில் வயதைவிட உயரம் முக்கியம். வாசலில் ஒரு கோல் வைத்து அளந்து, ஒரு சென்டிமீட்டர் குறைந்தாலும் அழுகிற பிள்ளையைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். யுனிவர்சலில் பேர் பெற்ற பேட்டில்ஸ்டார் கலாக்டிகா ரோலர் கோஸ்டரில் ஏற 125 செ.மீ. வேண்டும், உங்கள் பையனுக்கே அது எட்டுமா என்பது சந்தேகம். ஹாங்காங்கில் பிக் கிரிஸ்லி மலை ரயிலுக்கு 112, விண்வெளி ரோலர் கோஸ்டருக்கு 102 போதும், அது போக உயரக் கட்டுப்பாடே இல்லாமல் நால்வரும் ஒன்றாக உட்காரக்கூடியது நிறைய இருக்கிறது. 2023 நவம்பரில் 'ஃப்ரோஸன்' படத்துக்கென்று ஒரு பகுதியே திறந்தார்கள், பாப்பாவுக்கு அது ஒன்றே போதும்.

அங்கே மிஸ்டிக் மேனர் என்று ஒரு சவாரி உண்டு, அதைத் தவற விடாதீர்கள். அமெரிக்கப் பூங்காக்களில் பேய் மாளிகை என்று ஒரு சவாரி இருக்கும். இங்கே, முன்னோரைத் தெய்வமாகக் கும்பிடும் சீனர்களிடம் பேயை விளையாட்டாகக் காட்டுவது பொருந்தாது என்பதால் பேயே இல்லாமல் ஒரு கதை செய்தார்கள். ஒரு குட்டிக் குரங்கு மந்திர இசைப்பெட்டியைத் திறந்துவிட, அந்த வீட்டில் இருக்கிற பொருள்கள் எல்லாம் உயிர் பெற்றுவிடும். வண்டி தண்டவாளமே இல்லாமல் அறை அறையாகத் திரும்பித் திரும்பிப் போகும். 2013-ல் வந்தது, இன்னும் பழசாகவில்லை.

பயணம் என்று பார்த்தால் சிங்கப்பூர்தான் சுலபம், திருச்சியிலிருந்தே நேரடி விமானம் உண்டு, ஆனால் விசா வாங்க வேண்டும். ஹாங்காங்குக்கு மதுரையிலிருந்து நேரடியாகப் போக முடியாது, சென்னை போய்த்தான் ஏற வேண்டியிருக்கும். ஆனால் இந்தியர்கள் இணையத்தில் முன்பதிவு செய்தால் 14 நாள் வரை விசா இல்லாமல் தங்கலாம், அதற்குக் கட்டணமும் இல்லை. ஊருக்குள் இருந்து மெட்ரோவில் சன்னி பே நிலையத்தில் இறங்கி மாறினால், மிக்கி தலை வடிவத்தில் ஜன்னல் வைத்த ரயில் வரும். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம் அங்கேயே ஆரம்பித்துவிடும்.

மேலூரிலிருந்து: போவதற்கு முன்னால் பிள்ளைகளுக்குப் படம் காட்டலாம் என்று இருக்கிறோம். பழைய கார்ட்டூனா, புதிதாக எடுத்ததா? புதியதில் கிராபிக்ஸ் நன்றாக இருக்கிறது என்கிறார் என் வீட்டுக்காரர்.

பழையதைக் காட்டுங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

'தி லயன் கிங்' 1994-ல் வந்தபோது 88 நிமிடம். 2019-ல் எடுத்தது 118 நிமிடம். கூடுதலாக அரை மணி நேரம், ஆனால் கதையில் புதிதாக ஒன்றும் நடக்கவில்லை. கணினியில் அவ்வளவு நிஜமாக ஒரு சிங்கத்தைச் செய்துவிட்டு, அந்தச் சிங்கத்தின் முகத்தில் அழுகையும் சூழ்ச்சியும் எப்படி வரும்? நிஜச் சிங்கம் புருவத்தைத் தூக்காது, கையால் வரைந்த வில்லன் ஸ்கார் தூக்குவான். அப்பாவைத் தட்டி எழுப்பப் பார்க்கும் குட்டி சிம்பாவின் முகத்தைப் பழைய படத்தில் பார்த்துவிட்டுப் புதியதில் பாருங்கள், நான் சொல்வது புரியும். புதியதில் எனக்கு நிஜமாகப் பிடித்தது தமிழ்க் குரல்கள். சித்தார்த் சிம்பா, அரவிந்த் சாமி ஸ்கார், டிமோனுக்கு சிங்கம்புலி, பும்பாவுக்கு நம்ம மதுரைக்காரர், மறைந்த ரோபோ சங்கர். அந்தக் காட்டுப்பன்றி பேசும்போது நம் ஊர் மனிதர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது மாதிரியே இருக்கும், அதற்காக ஒரு தடவை தமிழில் பார்க்கலாம்.

'டம்போ'வும் அப்படித்தான். 1941 படம் ஒரு மணி நேரம் நான்கு நிமிடம், யானைக்குட்டியும் தாயும் பிரிவதுதான் மொத்தக் கதை. 2019-ல் அதை இரண்டு மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட இழுத்து, மனிதர்களின் கதையை நடுவில் வைத்தார்கள். சங்கிலி கட்டிய தாய் கம்பிக்கு வெளியே தும்பிக்கையை நீட்டிக் குட்டியைத் தாலாட்டும் காட்சியைப் பழையதில் பார்த்து அழாத அம்மாவை நான் பார்த்ததில்லை. 'பியூட்டி அண்ட் தி பீஸ்ட்' 1991 படம் 84 நிமிடம், சிறந்த படத்துக்கான ஆஸ்கர் போட்டியில் இடம் பெற்ற முதல் அனிமேஷன் படம் அது. 2017-ல் அதை 129 நிமிடமாக்கினார்கள். 'முலான்' 2020-ல் பாட்டும் இல்லை, அந்தக் குட்டி டிராகன் முஷுவும் இல்லை.

எல்லா ரீமேக்கையும் தள்ளிவிட வேண்டாம். 2016-ல் வந்த 'தி ஜங்கிள் புக்' நல்ல படம். இந்தியாவில் அமெரிக்காவுக்கு ஒரு வாரம் முன்பே ஏப்ரல் 8-ஆம் தேதி வெளியானது. மொத்தப் படத்தையும் லாஸ் ஏஞ்சல்ஸில் ஸ்டுடியோவுக்குள்ளேயே எடுத்தார்கள், காடும் மிருகங்களும் கணினியில் வந்தவை, நடுவில் மோக்லியாக ஒரு நிஜப் பையன். அந்தப் பையனின் பயமும் துணிச்சலும்தான் படத்தைத் தாங்குகிறது; 'லயன் கிங்' புதியதில் அப்படி ஒரு மனித முகமே இல்லாமல் போனது. இரண்டையும் எடுத்தவர் ஜான் ஃபாவ்ரோ என்ற ஒரே இயக்குநர்தான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 2015 'சிண்டரெல்லா'வும் நன்றாக இருக்கும், அதில் அவசரம் இல்லை, அந்த நீல கவுனுக்காகவே பெண் பிள்ளைகள் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள்.

பழையதை முதலில் காட்டச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. அடுத்த கேள்வியில் வருகிறது.

திருமங்கலத்திலிருந்து: புதிய படங்களை வைத்துப் பூங்காக்களில் சவாரிகள் இருக்கின்றனவா?

கதைகள் அதேதான், ஆனால் சவாரிகளில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் வரைந்த முகங்கள். டோக்கியோ டிஸ்னிலேண்டில் 'பியூட்டி அண்ட் தி பீஸ்ட்' சவாரி திறந்தது 2020 செப்டம்பரில், அதாவது நடிகர்களை வைத்து எடுத்த படம் ஓடி மூன்று வருடம் கழித்து. அப்படியும் அதற்குள் ஆடுவதும் பாடுவதும் 1991-ல் வரைந்த பெல்லும் அந்த மிருகமும்தான். பெரிய தேநீர்க் கோப்பையில் உட்கார்ந்தால் அது இசைக்கு ஏற்ப அசைந்து அசைந்து நகரும். டோக்கியோவில் டிஸ்னியின் இன்னொரு பூங்காவான டிஸ்னிஸீயில் 2024 ஜூன் 6-ஆம் தேதி திறந்த ஃபேன்டசி ஸ்பிரிங்ஸ் பகுதியில் 'ஃப்ரோஸன்', 'டாங்கில்ட்', 'பீட்டர் பேன்' மூன்றுமே கார்ட்டூன் வடிவத்தில்தான் இருக்கின்றன. ரீமேக்கை மட்டும் பார்த்த பிள்ளை அங்கே போய் 'இது யாரும்மா?' என்று கேட்கும்.

கலிபோர்னியாவில் 1955 ஜூலை 17-ஆம் தேதி முதல் டிஸ்னிலேண்ட் திறந்தபோதே ஸ்னோ ஒயிட் சவாரி இருந்தது. அதில் ஸ்னோ ஒயிட்டைக் காட்டவே இல்லை! வண்டியில் உட்கார்ந்திருக்கும் நீங்கள்தான் ஸ்னோ ஒயிட், சூனியக்காரி உங்களைத்தான் துரத்துகிறாள் என்பது யோசனை. மக்களுக்கு அது பிடிபடாமல் 'கதாநாயகி எங்கே' என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள், கடைசியில் 1983-ல் அவளைக் கொண்டுவந்து வைத்தார்கள். பிறகு 2021-ல் பயத்தைக் குறைத்து, சந்தோஷமான முடிவோடு மாற்றினார்கள். எனக்கு அந்த முதல் யோசனைதான் பிடித்திருக்கிறது. படத்தை உட்கார்ந்து பார்க்கலாம், சவாரியில் உள்ளேயே போய் வரலாம், அந்த வித்தியாசத்தை அவர்கள் அப்போதே யோசித்திருக்கிறார்கள்.

அவனியாபுரத்திலிருந்து ஒரு தம்பி: 'பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்' படத்தைப் பார்த்துத்தானே சவாரி செய்தார்கள்?

இல்லை தம்பி, தலைகீழ். சவாரி 1967, படம் 2003. 'ஜங்கிள் குரூஸ்' படகுச் சவாரி 1955-லிருந்தே ஓடுகிறது, படம் வந்தது 2021-ல். ஆனால் ஷாங்காய் பூங்காவில் இருக்கும் கடற்கொள்ளையர் சவாரி மட்டும் படத்தை வைத்துச் செய்தது, அங்கே ஜாக் ஸ்பாரோதான் நாயகன். வாய்ப்புக் கிடைத்தால் அதைப் பார், தண்ணீருக்கு அடியில் இறங்குகிற மாதிரியே இருக்கும்.

தெப்பக்குளத்திலிருந்து: நாங்கள் சுத்த சைவம். முட்டைகூடக் கிடையாது. சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

ஊருக்கு ஊர் மாறும். சிங்கப்பூரில் கவலையே வேண்டாம், பூங்காவில் மதியத்தை எப்படியாவது ஓட்டிவிட்டு இரவு லிட்டில் இந்தியா போய்விடலாம், சிராங்கூன் சாலையில் கோமள விலாஸ் 1947-லிருந்து இருக்கிறது.

ஜப்பான்தான் கஷ்டம். காய்கறி சூப் என்று எழுதியிருக்கும், ஆனால் அதன் அடியில் மீனைக் கொதிக்க வைத்து எடுத்த டாஷி என்ற சாறு இருக்கும், கேட்டால் அவர்களே அதை மீனாகக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். டோக்கியோ பூங்காவுக்குள் வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதி இல்லை, வாசலுக்கு வெளியே உட்கார்ந்து சாப்பிடத் தனி இடம் வைத்திருக்கிறார்கள். அதனால் காலையில் தங்குமிடத்தில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள், 'மீன் சாறு வேண்டாம், முட்டை வேண்டாம்' என்று ஜப்பானிய மொழியில் எழுதிய அட்டை ஒன்று பையில் இருக்கட்டும். பாப்கார்ன் அங்கே ஒரு கலாச்சாரம், சுவை சுவையாக விற்பார்கள், கழுத்தில் மாட்டிக்கொள்ளும் டப்பா வாங்கப் பெரியவர்களே வரிசையில் நிற்பார்கள். கேரமல் மாதிரி இனிப்பு வகையாகப் பார்த்து, சேர்மானத்தையும் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

ஷாங்காயில் முன்பு வெளிச் சாப்பாட்டைத் தடுத்தார்கள். 2019-ல் ஒரு சட்டக் கல்லூரி மாணவி வழக்குப் போட்டார், அதற்குப் பிறகு விதியைத் தளர்த்தினார்கள். அமெரிக்கப் பூங்காக்களில் சாப்பாடு கொண்டுபோகத் தடை இல்லை, கண்ணாடிப் பாத்திரமும் மதுவும்தான் கூடாது. காலையில் கட்டிய எலுமிச்சை சாதம் அங்கே தாராளமாகப் போகும். ஃப்ளோரிடாவில் அனிமல் கிங்டம் லாட்ஜ் என்ற விடுதியில் சனா என்று ஒரு உணவகம் உண்டு, 'நான்' முதலான ரொட்டி வகைகளோடு தொட்டுக்கொள்ள ஒன்பது விதம் தருவார்கள், ஜன்னலுக்கு வெளியே ஒட்டகச்சிவிங்கி மேயும். நம் ஆட்கள் அந்தப் பக்கம் போனால் நான் முதலில் சொல்லும் இடம் அதுதான். சிக்கன், மட்டன் சாப்பிடுகிறவர்களும் அங்கே திருப்தியாக எழுவார்கள்.

ஒரு விஷயம்: பூங்காவில் சாப்பாடு விலை அதிகம். அதைப் பார்த்துப் பிள்ளைகளிடம் முகம் சுளிக்க வேண்டாம், முன்கூட்டியே ஒரு தொகையை ஒதுக்கிவிடுங்கள்.

வில்லாபுரத்திலிருந்து: காலாண்டு விடுமுறையில் போகலாமா? கூட்டம் எப்படி இருக்கும்? அம்மாவுக்கு மூட்டு வலி வேறு.

ஹாங்காங்கும் ஷாங்காயும் அந்த நேரத்தில் வேண்டாம். அக்டோபர் 1 சீனாவின் தேசிய நாள், அந்த ஒரு வாரம் அங்கே எல்லோருக்கும் விடுமுறை. அழகர் ஆற்றில் இறங்கும் காலையில் கோரிப்பாளையத்தில் நிற்பது போல நிற்க வேண்டியிருக்கும். அதே மாதிரி ஏப்ரல் கடைசியிலிருந்து மே முதல் வாரம் வரை ஜப்பானியர்களுக்குத் தொடர் விடுமுறை, டோக்கியோவைத் தவிர்க்கவும். ஜூன் தொடக்கத்தில் நம் பள்ளிகள் திறக்கும் முன் மே நடுவில் போனால் டோக்கியோ நன்றாக இருக்கும். ஹாங்காங் மே மாதத்தில் மழையும் புழுக்கமும், குடை கட்டாயம்.

கூட்டத்தைத் தாண்ட ஒரே வழி விடியற்காலையில் வாசலில் நிற்பதுதான், திறந்த முதல் ஒன்றரை மணி நேரத்தில் பெரிய சவாரிகளை முடித்துவிட வேண்டும். காசு கொடுத்து வரிசையைத் தாண்டும் சீட்டு எல்லா இடத்திலும் விற்கிறார்கள், மொத்தமாக வாங்காமல் பிள்ளைகள் கேட்கும் ஒன்றிரண்டுக்கு மட்டும் வாங்குங்கள். அம்மாவுக்கு வாசலிலேயே சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்கும், அவர்கள் வேண்டாம் என்றாலும் எடுத்துவிடுங்கள். நாள் முழுக்க நடையோ நடை.

சோழவந்தானிலிருந்து: வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறார். அங்கே ஏதாவது உண்டா?

துபாயைவிட அபுதாபி, யாஸ் தீவு. 2018-ல் திறந்த வார்னர் பிரதர்ஸ் வேர்ல்ட் முழுக்க ஏசி கட்டடத்துக்குள் இருக்கிறது, டாம் அண்ட் ஜெர்ரி, பக்ஸ் பன்னி எல்லாம் அங்கேதான். பக்கத்தில் ஃபெராரி வேர்ல்டில் 240 கி.மீ. வேகத்தில் போகும் ரோலர் கோஸ்டர், அதில் உங்கள் வீட்டுக்காரரை மட்டும் ஏற்றிவிடுங்கள். அதே தீவில் டிஸ்னி பூங்கா வரப்போவதாக 2025 மே மாதம் அறிவித்தார்கள், திறக்க இன்னும் வருடங்கள் ஆகும், அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

வாடிப்பட்டியிலிருந்து: வெளிநாடெல்லாம் எங்களுக்கு முடியாது. பக்கத்தில் சொல்லுங்கள்.

ஒரு நாள் என்றால் பரவையில் இருக்கும் 'அதிசயம்' பூங்கா. இரண்டு நாள் ஒதுக்க முடிந்தால் கொச்சி வொண்டர்லா பூங்கா, 2000-லிருந்து நடக்கிறது, பராமரிப்பு நல்ல மாதிரி, ராத்திரி பஸ் ஏறினால் காலையில் கொச்சி. தண்ணீர்ச் சவாரிக்குப் பருத்தித் துணியோடு விட மாட்டார்கள், நைலான் உடுப்பை இங்கேயே வாங்கிக்கொண்டு போங்கள், அங்கே விலை கூட. பெண்களுக்கு முழுக்கை வைத்த நீச்சல் உடை டவுன்ஹால் ரோடு பக்கம் கேட்டுப் பாருங்கள். வார நாளில் போங்கள், கல்லூரிச் சுற்றுலா பஸ்கள் வந்துவிடுவதற்கு முன்னால் உயரச் சவாரிகளை முடித்துவிட்டு, வெயில் ஏறியதும் தண்ணீருக்குள் இறங்குங்கள்.