பொடிச் சங்கெல்லாம் ஆணா?

பெரியபட்டினத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "வீட்டுக்காரர் கொண்டுவரும் சங்கிலிருந்து சதை எடுத்துக் கொடுப்பது என் வேலை. வாங்க வரும் ஏஜென்ட், ‘பொடிசெல்லாம் ஆண், பெரிசுதான் பெண். பொடிசை எவ்வளவு அள்ளினாலும் முட்டை குறையாது’ என்கிறார். இரண்டு வருஷமாகப் பொடிசுதான் அதிகம் வருகிறது. அவர் சொல்வது சரியா?"

சரியில்லை, சகோதரி. பொடிச் சங்கு என்றால் வயது குறைந்த சங்கு, அவ்வளவுதான். அதில் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. பெண் சற்றுப் பெரிதாக வளரும் இனங்கள் இருக்கின்றன; அந்த நூலை வைத்துக்கொண்டு ஏஜென்ட் கயிறு திரிக்கிறார். தொந்தரவு இல்லாத இடத்தில் ஆணும் பெண்ணும் ஏறக்குறையப் பாதிக்குப் பாதி இருக்கும்.

யார் சொல்வதையும் நம்ப வேண்டாம், சோதனை உங்கள் கையிலேயே இருக்கிறது. வேகவைத்தால் சதை சுருங்கிவிடும், அதனால் வேகவைக்கும் முன் பாருங்கள். தலையில் இரண்டு கொம்பு இருக்கும். வலது கொம்புக்குப் பின்னால் சின்ன விரல் மாதிரி சதை நீட்டிக்கொண்டிருந்தால் ஆண், இல்லாவிட்டால் பெண். 20 சங்கு பார்த்துவிட்டு முடிவு கட்டாதீர்கள். 13க்கு 7 என்பது தற்செயலாகவே வரும். 200 பார்த்து 130க்கு 70 வந்தால்தான் அது சேதி. அப்போதும் எந்த மாதம் பிடித்தது என்று கேளுங்கள். முள்ளுச்சங்கில் பெண்கள் ஒரே இடத்தில் கூடி முட்டையிடும். அந்த இடத்தில் நண்டு வலை விழுந்தால் பெண்தான் அதிகம் வரும்.

இப்போது வளர்ச்சி. சங்கு குஞ்சாக இருக்கும்போது வேகமாக நீளும், முட்டையிடும் பருவம் வந்ததும் வேகம் குறையும். நீளம் இரண்டு மடங்கானால் எடை சுமார் எட்டு மடங்காகும். 5 செ.மீ. சங்கை இன்று விற்பவர், 10 செ.மீ. ஆனால் கிடைக்கும் எடையில் எட்டில் ஒரு பங்குக்குத்தான் காசு பார்க்கிறார். ஒரு பருவத்தில் பொடிசு கூடினால் குஞ்சு நன்றாகப் பிழைத்திருக்கிறது என்று சந்தோஷப்படலாம். இரண்டு வருஷம் தொடர்ந்து பொடிசு மட்டும் வந்தால், பெரிசை எடுத்து முடித்தாயிற்றோ என்று சந்தேகப்பட வேண்டும்.

ஐவிரல் சங்குக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது, இதை நிதானமாகச் சொல்ல வேண்டும். ஓட்டின் விளிம்பிலிருந்து விரல் விரலாக நீண்டிருப்பதால் அந்தப் பெயர்; குஞ்சில் அந்த விரலே இருக்காது. பார்த்தால் வேறு ஏதோ சங்கு என்று நினைப்பீர்கள். பருவத்துக்கு வந்த பிறகுதான் உதடு, அதாவது ஓட்டின் வாய் விளிம்பு, விரிந்து விரல் முளைக்கும். விரல் முளைத்ததும் நீள வளர்ச்சி நின்றுவிடும், அதன் பிறகு உதடு தடிக்கும், அவ்வளவே. ஆகவே இதில் நீளத்தை அளந்து வயது சொல்ல முடியாது, உதட்டைத் தடவிப் பார்க்க வேண்டும். கத்தி முனை மாதிரி மெல்லிசாக இருந்தால் இப்போதுதான் பருவத்துக்கு வந்தது. பெண் பெரிதாக, விரல் நீண்டு மேல்நோக்கி வளைந்திருக்கும். ஆணுக்கு விரல் குட்டை. ஏஜென்ட் சொல்வதில் கொஞ்சமாவது உண்மை இருப்பது இது போன்ற இனங்களில்தான். இங்கும் விரலில்லாத குஞ்சை ஆண் என்று எண்ணி எடுத்தால் ஏமாந்துபோவீர்கள். இதன் உறவுக்கார இனங்கள் சில வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் இருக்கின்றன, அதனால் அடையாளம் தெரியாததைக் கையில் வைத்திருக்காதீர்கள். பிடிபட்டால் வழக்கு உங்கள் மீதுதான் விழும், ஏஜென்ட் ஊரில் இருக்க மாட்டார்.

முன்பணம் கொடுத்தவரே எடை போட்டு, அவரே தரம் பிரித்து, அவரே விலை சொல்லும் இடத்தில் ‘பொடிசு ஆண்’ என்ற கதை பிறக்கத்தான் செய்யும். சதைக்கு மட்டும் காசு கொடுத்துவிட்டு நகத்தையும் (சங்கின் வாயை அடைக்கும் மூடி) ஓட்டையும் சும்மா வாரிக்கொண்டு போகிறாரா என்றும் பாருங்கள். நகம் சாம்பிராணி, வாசனைப் பொருள் வியாபாரத்துக்குப் போகிறது, அதற்குத் தனி விலை உண்டு. கேட்டு வாங்குங்கள்.

கோயிலில் ஊதும் பால் சங்கின் நிலைமைதான் எனக்குப் பெரிய கவலை. தை, மாசி, பங்குனியில் கிடாக்கொம்பு மாதிரி முட்டைக்கூட்டை மணலில் நட்டு வைக்கும். மற்ற பல சங்குகளைப் போல இதன் குஞ்சு நீரோட்டத்தில் மிதந்து வராது. கூட்டைவிட்டு ஊர்ந்து வெளியே வந்து அங்கேயே வளரும். ஓரிடத்தில் ஒழித்தால் வேறிடத்திலிருந்து வந்து நிரம்புவது லேசில் நடக்காது. நம் தடைக்காலமோ ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், அதுவும் விசைப்படகுக்கு. முட்டையிடும் மாதங்களில் பூச்சி மணலை, அதாவது சங்குக்கு இரையாகும் புழு வாழும் மணலை, இழுவை மடி (வலை) வாரிக்கொண்டு போகிறது. சங்குக் குளிப்பு அரசு கையில் இருந்த காலத்தில் 57 மி.மீ. குறுக்களவுக்குக் குறைந்த சங்கை ஒதுக்கினார்கள். இன்று ஏலக்கடையில் வளையம் வைத்து அளக்க ஓர் ஆள் கிடையாது. மண்டபம் ஊரிலேயே மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தின் மையம் இருக்கிறது, ஆனால் அங்கே தெரிந்தது பெரியபட்டினம் கரைக்கு வந்து சேர இத்தனை வருஷம் போதவில்லை.

வலையில் முட்டைக்கூடு வந்தால் உதறி எறிய வேண்டாம் என்று வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். ஈரம் காய்வதற்குள் எடுத்த இடத்திலேயே, மணல் தரையில் இறக்கிவிடச் சொல்லுங்கள்.