காரை விட்டு இறங்காமல் பறவை பார்க்கலாம்

கேள்வி: பெங்களூரு ராமமூர்த்தி நகரில் வசிக்கிறோம். கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஒரு காலை ஹொஸ்கோட்டே தாண்டிக் கிராமச் சாலைகளில் பறவை பார்க்கப் போனோம். காரை நிறுத்தி இறங்கியதும் எல்லாம் பறந்துவிட்டன. பத்து வயது மகளுக்குப் பெரிய ஏமாற்றம். எங்கே, எப்படி நிற்க வேண்டும்? விலை உயர்ந்த பைனாகுலர் தேவையா?

பதில்: இறங்கியதுதான் வினை. டிராக்டரும் பால் வண்டியும் அந்தப் பறவைகளுக்குப் பழகியவை. கதவைத் திறந்து நிமிர்ந்து நிற்கும் மனிதனைக் கண்டால்தான் மிரளும். எனவே காருக்குள்ளேயே ஒளிந்திருங்கள். தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, பறவைக்குச் சற்று முன்பாக ஓரங்கட்டி, எஞ்சினை அணையுங்கள். கண்ணாடியை முன்பே இறக்கி வைத்திருக்க வேண்டும். வளைவுகளில் மட்டும் நிறுத்தவே கூடாது. பின்னால் வரும் கல் லாரிக்குப் பறவையும் தெரியாது, நீங்களும் தெரியமாட்டீர்கள்.

இன்னொரு சிக்கல் வெயில். காலையில் நகரிலிருந்து கிழக்கே போகும்போது சூரியன் முகத்துக்கு நேரே நிற்கும். கம்பியில் இருப்பது கரிச்சானா பஞ்சுருட்டானா என்றே தெரியாது, கறுப்பு நிழல்தான் தெரியும். விடிவதற்குள் இன்னும் கிழக்கே உள்ள மாலூர்ப் பக்கம் போய்விட்டு, பனி விலகியதும் மேற்கு நோக்கித் திரும்பியபடி பாருங்கள். பத்து மணிக்கு மேல் வயலில் கானல் ஆடத் தொடங்கிவிடும்.

எல்லோரும் ஏரிக்கே ஓடுகிறார்கள். ஊசிவால் வாத்துகளைப் பார்க்க அது சரி. ஆனால் குழந்தைக்கு அறுவடை முடிந்த ராகி வயல்தான் நல்ல பள்ளிக்கூடம் என்பேன். நவம்பர், டிசம்பரில் கதிர் அறுத்த பிறகு வெட்டுக்கிளிகள் மறைவிடம் இழக்கின்றன. அவற்றைத் தேடிப் பனங்காடை, பழுப்புக் கீச்சான், வாலாட்டி எல்லாம் வந்துவிடும். மேலே ஒரே இடத்தில் சிறகடித்து நிற்கும் பறவையைக் காட்டி மகளிடம் தோள்பட்டையைப் பார்க்கச் சொல்லுங்கள். வெளிர் சாம்பல் உடலில் தோள் மட்டும் கறுப்பாக இருந்தால் கருந்தோள் பருந்து; இங்கேயே ஆண்டு முழுதும் இருப்பது. முதுகு செங்கல் நிறமாக இருந்தால் சிறிய வல்லூறு வகை. வயலை உரசுவதுபோல் தாழ்வாக, சிறகுகளை V வடிவில் ஏந்தி மிதந்து வந்தால் பூனைப்பருந்து. மத்திய ஆசியப் புல்வெளிகளிலிருந்தும் குளிர்காலத்தில் வருகிற விருந்தாளி. அதன் பெண்ணையும் இளசையும் இனம் பிரிப்பது தேர்ந்தவர்களுக்கே தலைவலி. பெயர் தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள்.

பூனைப்பருந்துக்கென்றே போவதானால் வடமேற்கே ஹெசரகட்டா புல்வெளிக்கு மாலையில் போகலாம். அவை இரவில் தரையிலேயே புல்லுக்குள் உறங்கும் பறவைகள். புல்லுக்குள் காரை ஏற்றிப் படம் எடுப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். சாலையிலேயே நில்லுங்கள். கைபேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு அழைப்பதும் வேண்டாம்.

வயலுக்குள் காலடி வைக்க வேண்டியிருந்தால் உரிமையாளரைக் கேளுங்கள். ஹொஸ்கோட்டே, மாலூர்ப் பக்கம் கன்னடத்தோடு தெலுங்கும் கைகொடுக்கும். ஆனேக்கல் தாண்டித் தமிழ்நாட்டின் தளிப் பக்கம் போனால் தமிழும் கைகொடுக்கும்.

பைனாகுலர் 8×42 (எட்டு மடங்கு பெருக்கம், 42 மி.மீ. முன்பக்கக் கண்ணாடி) போதும். மகளுக்கு எடை குறைந்த 8×32. பத்து, பன்னிரண்டு மடங்கு என்று கடைக்காரர் ஆசை காட்டினால் மசியாதீர்கள். பெருக்கம் கூடக் கூடக் கை நடுக்கமும் கூடித் தெரியும். ஜன்னல் விளிம்பில் மடித்த துண்டைப் போட்டு அதன்மேல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.