அந்த டிஎன்ஏ டெஸ்ட்டை ஏன் எடுக்கவே இல்லை? சீரியல் வசனம் எழுதியவரிடம் சில கேள்விகள்

11 வருடம் டெய்லி சீரியல்களுக்கு வசனம் எழுதினேன். இப்போது சோபாவில் உட்கார்ந்து பார்ப்பதோடு சரி. நான் எழுதியவற்றின் பெயரைச் சொல்ல மாட்டேன், மற்றவர்கள் எழுதியதைப் பற்றித் தாராளமாகப் பேசுவேன். திட்டுவதென்றால் என்னைத் திட்டுங்கள், நடிகர்களை விட்டுவிடுங்கள்.

மடிப்பாக்கத்திலிருந்து: அக்கா, ‘பாரதி கண்ணம்மா’வில ஹீரோ பாரதியே டாக்டர். பொண்டாட்டி கண்ணம்மா பெத்த குழந்தை தன்னோடதானான்னு சந்தேகம்னா ஒரு டிஎன்ஏ டெஸ்ட் எடுத்தா விஷயம் தீர்ந்துது. அதுக்கு எத்தனை வருஷம்? எழுதுறவங்க எங்கள முட்டாள்னு நினைக்கிறீங்களா?

அப்படி நினைத்திருந்தால் எங்களுக்கு வேலை பாதியாகக் குறைந்திருக்கும். டிஸ்கஷன் ரூமில் முதலில் எழுகிற கேள்வியே நீங்கள் கேட்டதுதான். ஆனால் டெஸ்ட் எடுக்கிற அன்றைக்குக் கதை முடிந்துவிடும். சினிமாவில் ஒரு முடிச்சு இரண்டரை மணி நேரம் தாங்கினால் போதும். இங்கே 2019இல் போட்ட முடிச்சு 2023 வரை தாங்கியாக வேண்டும். தள்ளிப்போட முதல் மூன்று காரணம் நன்றாகவே கிடைக்கும். நான்காவதிலிருந்துதான் கதாபாத்திரத்தின் மூளையில் கைவைக்க ஆரம்பிப்போம்.

எழுத்து நல்லதா கெட்டதா என்று பார்க்க என்னிடம் இருப்பது ஒரே ஒரு அளவுகோல்தான். நேற்று தெரிந்த விஷயம் இன்றைக்கும் அந்த ஆளுக்குத் தெரிகிறதா? பாரதிக்குத் தான் டாக்டர் என்பது ஆஸ்பத்திரியில் ஞாபகம் இருக்கும், வீட்டுப் படி ஏறியதும் மறந்துபோகும். டெஸ்ட் தள்ளிப்போனதைக்கூட மன்னிக்கலாம், இந்த மறதியை மன்னிக்க முடியாது. அவர் மெக்கானிக்காக இருந்திருந்தால் இந்தத் திட்டில் பாதி விழுந்திருக்காது.

ஆனால் கண்ணம்மா பையைத் தூக்கிக்கொண்டு நடந்துகொண்டே இருந்தாரே, அதை வைத்து 2020இல் ஊரே மீம் போட்டதே, அந்த நடை எனக்குப் பிடிக்கும். வீட்டை விட்டு வெளியேறுகிற பெண்ணுக்குப் போக இடமில்லை என்றால் நடக்கத்தானே வேண்டும்? வசனமே தேவைப்படவில்லை. ஒரு வசனகர்த்தா இதைச் சொல்வது வயிற்றுப் பிழைப்புக்கு நல்லதல்ல.

கோவையிலிருந்து: ஒருத்தர் ஒரு வார்த்தை சொன்னா ஹால்ல நிக்கிற பத்து பேர் மூஞ்சியையும் மூணு மூணு தடவை காட்டுறாங்களேங்க, எதுக்குங்க?

ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். காலை 7 மணி கால்ஷீட். முந்தின ராத்திரி 2 மணிவரை முழித்து நான் அனுப்பிய சீன் பேப்பரில் மாமியாரும் மருமகளும் நேருக்கு நேர் மோதுகிற பெரிய சண்டை. 9 மணிக்கு போன். மாமியாராக நடிப்பவர் வேறொரு ஷூட்டிங்கில் மாட்டிக்கொண்டார், சாயங்காலம் வந்தாலும் ஒரு மணி நேரம்தான் இருப்பார். மருமகளோ மேக்கப் போட்டு, தலை நிறைய பூவோடு ரெடி.

அரை மணி நேரத்தில் அந்தச் சண்டையைப் போன் சண்டையாக மாற்றினேன். “என்னத்தை சொல்றீங்க? நகையைக் காணோமா? நான் எடுத்தேனா? பீரோ சாவி எங்கிட்டயா இருந்துச்சு?” எதிர்முனையில் பேசுவதையெல்லாம் இவளே திருப்பிச் சொல்கிற வசனம். எழுதும்போதே எனக்குக் கூசியது. மருமகள் பக்கத்தைக் காலையில் எடுத்தார்கள், மாமியார் பக்கத்தை இருட்டிய பிறகு. நேருக்கு நேர் நின்றால் வருகிற தள்ளுமுள்ளும் அழுகையும் போனில் வராதே. எடிட்டில் ஒன்றரை நிமிஷம் குறைந்தது. அரை மணி ஸ்லாட்டில் விளம்பரம் போக 20, 22 நிமிஷம் கதை இருந்தாக வேண்டும். அந்த ஒன்றரை நிமிஷம்தான் நீங்கள் எண்ணிய பத்து முகம்.

அடுத்த தடவை ஒரு சீரியலில் ஒரு வாரத்துக்கு எல்லாரும் போனிலேயே பேசினால், யாருக்கோ கால்ஷீட் பிரச்சினை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

திருச்சியிலிருந்து: ரகசியம் பேசுறவங்க கதவைச் சாத்திட்டுப் பேசினா என்ன?

சாத்தினால் நாளைக்கு எபிசோடு இல்லை.

மதுரையிலிருந்து: ‘எதிர்நீச்சல்’ குணசேகரன் கேரக்டர் மாரிமுத்து அண்ணனுக்கு அப்புறம் எனக்கு ஒட்டவே இல்லை. நடிகர் மாறுனதாலயா, எழுத்து இறங்கிருச்சா?

இரண்டையும் பிரித்துப் பார்ப்பது கஷ்டம். 2023 செப்டம்பர் 8 காலையில், அதே சீரியலுக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோதுதான் மாரிமுத்துவுக்கு முடியாமல் போனது, அன்றைக்கே இறந்துவிட்டார். கொஞ்ச நாள் குணசேகரனைக் காட்டாமலேயே ஓட்டினார்கள். பிறகு எழுத்தாளர் வேல ராமமூர்த்தி வந்தார். சொந்தக் குரலும் மீசையும் கம்பீரமும் உள்ள ஆள், குறை சொல்ல எனக்கு மனசில்லை.

குணசேகரனாக மாரிமுத்து அடிக்கடி சொன்ன “ஏய் இந்தாம்மா” என்பதைப் பேப்பரில் எழுதிப் பாருங்கள், அதில் ஒன்றுமே இல்லை. மாரிமுத்து தேனிப் பக்கத்து ஆள், ‘கண்ணும் கண்ணும்’, ‘புலிவால்’ என்று படம் இயக்கியவர். காட்சியில் காற்று எங்கே போகிறது என்று அவருக்குத் தெரியும். கொடுமைக்காரன் ஒருவனின் கஞ்சத்தனத்தையும் பதற்றத்தையும் சிரிப்பு வருகிற மாதிரி செய்தார். வீட்டுப் பெண்களை அடக்கி ஆள்கிறவனைப் பார்த்து நாம் சிரித்துவிட்டு, அடுத்த நொடி சிரித்ததற்காக வெட்கப்பட்டோம். இயக்குநர் திருச்செல்வம் குழுவின் பெரிய வெற்றி அதுதான். ஆள் மாறிய பிறகும் வசனம் கொஞ்ச காலம் பழைய ஆளின் மூச்சுக்கே எழுதப்பட்டது என்பது என் காதுக்குப் பட்டது. புதுச் சட்டையைப் பழைய அளவில் தைத்த மாதிரி. வேல ராமமூர்த்திக்கு என்று தனியாக ஒரு பதற்றத்தை, ஒரு கஞ்சத்தனத்தை யோசித்திருக்க வேண்டும். கோபம் மட்டும் மிஞ்சியது.

பெயர் வேண்டாம் என்றவர்: ‘பாக்கியலட்சுமி’ கோபி செஞ்சது எல்லாமே தப்பு. ஆனா அந்த ஆள் வந்தாத்தான் எங்க வீட்ல டிவி சத்தத்தைக் கூட்டுவோம். எனக்கு என்ன ஆச்சு?

உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கோபி பயந்தாங்கொள்ளி. மனைவிக்குத் துரோகம் செய்கிற நேரத்திலும் அப்பா பார்த்துவிடுவாரோ என்று முழிக்கிறவர். கோபியாக நடித்த சதீஷ் அந்த முழியிலேயே பாதி வசனத்தைப் பேசிவிடுவார். கோபிக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது, தான் சொன்ன பொய்கள் உட்பட. எந்தப் பொய்யை யாரிடம் சொன்னோம் என்று கணக்கு வைத்துக்கொண்டு திண்டாடுகிறவரைப் பார்க்க யாருக்குத்தான் பிடிக்காது? மூலக்கதை ‘ஸ்ரீமோயி’ என்கிற வங்காள சீரியல், இந்தியில் அதுவே ‘அனுபமா’. கதைச் சட்டகம் அங்கிருந்து வந்தது. இந்த முழி இங்கே வளர்ந்தது.

சேலத்திலிருந்து: எங்க தெருவுல யார் வீட்டுக்கும் வந்து என்ன பாக்குறீங்கன்னு கேட்டதில்லை. அப்புறம் டிஆர்பி எப்படி வருது?

பார்க் என்ற அமைப்பு தேர்ந்தெடுத்த சில வீடுகளில் மீட்டர் வைத்திருக்கிறது. சேனல் ஒலியில் நம் காதுக்குக் கேட்காத ஒரு குறியீடு கலந்திருக்கும், மீட்டர் அதைப் பிடித்துக்கொள்ளும். யார் பார்க்கிறார்கள் என்பதற்கு வீட்டில் ஆளுக்கு ஒரு பட்டன். வியாழக்கிழமை நம்பர் வரும். அன்றைக்கு டிஸ்கஷன் ரூமில் காபி ஆறிப்போகும். நம்பர் ஏறியிருந்தால் “அந்த ட்ராக்கை இழு”, இறங்கியிருந்தால் “அந்த ட்ராக்கை வெட்டு”. போன வாரம் வந்த அக்கா மகள் இந்த வாரம் சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போவது இப்படித்தான். ஊருக்குப் போயிருக்கிறாள் என்று ஒரு வரிகூடச் சில நேரம் எழுத விட மாட்டார்கள்.

திண்டுக்கல்லிலிருந்து: ‘மெட்டி ஒலி’ மாதிரி இப்ப ஏம்மா வர்றதில்லை? அதெல்லாம் குடும்பக் கதை.

ஐயா, 2002இலிருந்து 2005 வரை, 800 எபிசோடுக்கு மேல் ஓடியது. அதிலும் இழுவை உண்டு. நான் திரும்பப் பார்த்தபோது சில அழுகைகளை ஓட்டித்தான் பார்த்தேன். ஆனால் மனைவியை இழந்த சிதம்பரத்துக்கு 5 பெண்கள். அந்த எண்ணிலேயே கதை இருக்கிறது. 5 கல்யாணம், 5 சீர்வரிசை, 5 மாமியார் வீடு. ஒரு வீட்டில் பேசியது நாலு நாள் கழித்து இன்னொரு வீட்டுக்கு வேறு மாதிரியாகப் போய்ச் சேரும். விஷ பாட்டிலோ ஆள்கடத்தலோ தேவைப்படவில்லை, பேச்சு போதுமானதாக இருந்தது. சாந்தி வில்லியம்ஸின் மாமியார் நம் தெருவில் இருக்கிற அளவுக்குத்தான் கெட்டவர்.

‘மெட்டி ஒலி’யை இயக்கிய அதே திருமுருகன் 2014இல் ‘நாதஸ்வரம்’ 1000ஆவது எபிசோடைக் காரைக்குடியிலிருந்து ஒரே ஷாட்டில் நேரலையாகக் கொடுத்தார். அன்றாடம் எங்கள் நடிகர்களுக்கு உதவி இயக்குநர் கேமராவுக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுப்பார், அவர்கள் திருப்பிச் சொல்வார்கள், குரல் பிறகு டப்பிங்கில் சேரும். எல்லாரும் ஒரே மாதிரிப் பேசுகிறார்களே என்று பலர் கேட்பதற்கும் பாதிக் காரணம் இதுதான். எடுத்துக் கொடுக்க வசதியாக ஐந்தாறு சொல்லுக்கு மேல் போகாமல் எழுதுவோம். நேரலையில் வெட்டும் கிடையாது, டப்பிங்கும் கிடையாது. டிவி முன்னால் நான் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன், நடிக்கிறவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

சென்னையிலிருந்து ஒரு தம்பி: ‘மர்மதேசம்’ தரத்துல ஒண்ணாவது இப்ப உண்டா?

அது வாரத்துக்கு ஒன்று. இப்போது வாரத்துக்கு ஆறு. நீ ஒரு வாரம் ஆறு எழுதிப் பார்த்துவிட்டு வா தம்பி, பேசுவோம்.

தஞ்சாவூரிலிருந்து: உங்களுக்கே ரொம்பப் பிடிச்ச, நீங்க எழுதின ஒரு சீன் சொல்லுங்களேன் அக்கா.

ஒன்று இருக்கிறது. கல்யாணமான புதிதில் அந்தப் பெண் கணவனிடம், இருட்டில் தூக்கம் வராது, சின்னதாக ஒரு விளக்கு எரிய வேண்டும் என்பாள். அது 30ஆவது எபிசோடு வாக்கில். 400 தாண்டிய பிறகு இருவருக்கும் பெரிய சண்டை. இனி உன் முகத்தில் முழிக்க மாட்டேன் என்று அவன் தலையணையை எடுத்துக்கொண்டு, லைட்டை அணைத்துவிட்டு ஹாலுக்குப் போகிறான். இரண்டு நொடி இருட்டு. திரும்பி வந்து விடிவிளக்கைப் போட்டுவிட்டு மறுபடியும் போகிறான். வசனம் கிடையாது.

ஷூட்டிங் அன்று “வசனம் எங்கம்மா?” என்று இரண்டு தடவை போன் வந்தது. அப்படியே எடுங்கள் என்று கெஞ்சினேன், எடுத்தார்கள். எடிட்டில் 30ஆவது எபிசோடின் ஃப்ளாஷ்பேக்கை ஒட்டி, அவள் முகத்தை மூன்று தடவை காட்டி, “இவ்வளவு கோவத்துலயும் எனக்கு இருட்டு பயம்னு ஞாபகம் வச்சிருக்காரே!” என்று ஒரு மைண்ட் வாய்ஸும் சேர்த்துவிட்டார்கள். அந்த மைண்ட் வாய்ஸையும் என்னிடம்தான் எழுதி வாங்கினார்கள்.